வழியனுப்பும் இல்லம்

தொண்டு செய்யப் புறப்படுபவரை உலகம் காண்கிறது. அவரை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே திரும்புபவரை யாரும் காண்பதில்லை. எந்தச் சமயத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் ஊர் ஊராகச் சென்றவர்களின் பெயர்கள் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் சென்றபின் அடுப்பை அணையாமல் காத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. ஆயினும் தியாகத்தின் ஒரு பாதி அவர்களுடையதே.

இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டு பயிலத்தக்க ஓர் இடம் அமெரிக்காவின் மோர்மன் சமயத்தாரின் ஊழிய மரபாகும். மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் இவர்களது அமைப்பின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது. 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். அவ்வாண்டு வெளிவந்த மோர்மன் புத்தகம் என்னும் நூலால் இவர்களுக்கு அப்பெயர் ஏற்பட்டது. சபையின் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ளது.

இவர்களது ஊழியத்தின் நோக்கம் தங்கள் சமயத்தை எடுத்துரைத்து, விரும்புவோருக்கு ஞானஸ்நானம் அளிப்பது. எல்லாச் சமயங்களும் இறைவனை அடையும் வழிகளே எனக் கருதும் சாதகருக்கு இந்நோக்கம் உடன்பாடாக இல்லாதிருக்கலாம். அது தனியே ஆராயத்தக்க பொருள். இங்கே சிந்தனைக்கு உரியது வேறொன்று: ஒரு குடும்பம் தன் உறுப்பினர் ஒருவரைத் தொண்டுக்கென அளிக்கும்போது உண்மையில் எதை அளிக்கிறது? எதை அளிக்க அதற்கு உரிமை இல்லை?

ஊழியத்தின் அமைப்பு

இச்சபையில் இளைஞர்கள் இரண்டாண்டுகளும் இளம்பெண்கள் ஒன்றரையாண்டும் முழுநேர ஊழியம் செய்கின்றனர். ஊழியம் இளைஞர்களுக்குக் கடமையாகவே போதிக்கப்படுகிறது. பெண்கள் விரும்பினால் ஏற்கலாம். 2012 அக்டோபரில் தொடக்க வயது ஆண்களுக்கு 19-இலிருந்து 18-ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19-ஆகவும் குறைக்கப்பட்டது. அதன் விளைவாக அவ்வாண்டின் முடிவில் ஏறத்தாழ 59,000 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை, அடுத்த ஆண்டின் முடிவில் 83,000-ஐ எட்டியது.

எந்த நாட்டிற்குச் செல்வது என்பதை ஊழியர் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. சபைத் தலைமை அனுப்பும் அழைப்பில் இடமும் கற்க வேண்டிய மொழியும் குறிக்கப்பட்டிருக்கும். பல்லாண்டுகளாக இவ்வழைப்பு ஒரு பெரிய வெள்ளை உறையில் அஞ்சல்வழி வந்தது. பெற்றோர், உடன்பிறந்தார், பாட்டன் பாட்டியர் அனைவரும் கூடியிருக்க அதைப் பிரித்துப் படிப்பது ஒரு குடும்ப வைபவமாகவே வளர்ந்தது. 2018-இன் இறுதியிலிருந்து அழைப்பு இணையவழியில் வரத் தொடங்கிய பின்னும், குடும்பத்தாரைக் கூட்டிவைத்துப் படிக்கும் பழக்கம் மறையவில்லை.

ஊழியர்கள் எப்போதும் இருவர் இருவராகவே வாழ்ந்து பணிபுரிகின்றனர். விடியலில் எழுதல், படிப்பு, பிரார்த்தனை, வீடுதோறும் செல்லுதல் என நாள் முழுதும் ஒழுங்குக்கு உட்பட்டது. அக்காலத்தில் காதலோ கேளிக்கையோ கல்லூரிப் படிப்போ இல்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் துணி துவைக்கவும் பொருள்கள் வாங்கவும் வீட்டிற்குக் கடிதம் எழுதவும் விடப்படுகிறது.

ஊழியருக்கு ஊதியம் இல்லை. செலவை அவரும் அவரது குடும்பமும் ஏற்கின்றனர். முன்பு அவரவர் சென்ற நாட்டின் விலைவாசிக்கு ஏற்பக் குடும்பத்தின் சுமை கூடியும் குறைந்தும் இருந்தது. 1991 முதல் அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஒரே அளவான மாதத்தொகை விதிக்கப்பட்டது. 400 டாலராக இருந்த அத்தொகை 2020 ஜூலையில் 500 டாலராக உயர்ந்தது. இயலாதவருக்குச் சபையார் உதவுகின்றனர். சிறுவர்கள் தம் கைச்செலவுப் பணத்தில் ஒரு பகுதியை 'ஊழியத்திற்கு' என்று உண்டியலில் இட்டுவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புறப்படும் நாளுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவ்வில்லத்தில் ஊழியம் தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

முதல் ஊழியம் உறவினரிடையே

இச்சபையின் ஊழியம் குடும்பத்திலேயே பிறந்தது. ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல் 1830-ஆம் ஆண்டு கோடையில் புதிய நூலின் பிரதிகளைச் சுமந்துகொண்டு அண்டை ஊர்களுக்கு நடந்தார். சபையின் முதல் ஊழியராக அவரே கருதப்படுகிறார். நூலை வாங்க ஆளின்றி அவர் மனம் தளர்ந்த நாள்கள் உண்டு. அவர் கொடுத்த பிரதிகள் பிரிகாம் யங் என்பவரின் உடன்பிறந்தாரது வீடுகளில் கைமாறிப் படிக்கப்பட்டன. ஈராண்டுகள் ஆழ்ந்து ஆராய்ந்தபின், 1832 ஏப்ரலில் பிரிகாம் யங் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் சபையின் இரண்டாம் தலைவராகி மக்களை யூட்டாவிற்கு அழைத்துச் சென்றவர் இவரே.

அதே 1830-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜோசப் ஸ்மித்தின் தந்தை, பதினான்கு வயதான இளைய மகன் டான் கார்லோஸை உடன் அழைத்துக்கொண்டு, வடக்கே வாழ்ந்த தம் பெற்றோரையும் சகோதரர்களையும் காணச் சென்றார். முதியவரான தந்தை ஆசேல் மகிழ்ச்சியுடன் நூலை ஏற்றார். சகோதரர் ஜான் சில காலத்திற்குப்பின் சபையில் சேர்ந்தார். மூத்தவரான ஜெஸ்ஸியோ கடுமையாக எதிர்த்தார். உறவினரிடம் உண்மை என்று தாம் நம்புவதைச் சொல்வது, அந்நியரிடம் சொல்வதைக் காட்டிலும் கடினமானது. அந்நியர் மறுத்தால் கதவு ஒன்று மூடுகிறது. உடன்பிறந்தவர் மறுத்தால் உறவே வாடுகிறது. தொண்டு செய்பவர் தம் வீட்டில் கற்க வேண்டிய முதற்பாடம் இது: அன்பு, உடன்பாட்டைச் சார்ந்திருக்கலாகாது.

இரு நோயாளிகளின் பயணம்

1839 செப்டம்பரில் சபையின் அப்போஸ்தலர்கள் இங்கிலாந்திற்கு ஊழியம் செய்யப் புறப்பட வேண்டியிருந்தது. அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் மோர்மன்கள் மிசூரி மாநிலத்திலிருந்து விரட்டப்பட்டிருந்தனர். மிசிசிப்பி நதிக்கரையின் சதுப்பு நிலத்தில் குடியேறிய அவர்களை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. பிரிகாம் யங்கின் மனைவி மேரி ஆன் பெண்மகவு ஒன்றை ஈன்று பத்தே நாள்கள் ஆகியிருந்தன. யங் காய்ச்சலால் நடக்கவும் இயலாத நிலையில் நதியைக் கடந்து, தம் தோழர் ஹீபர் கிம்பலின் வீட்டில் வந்து விழுந்தார். கிம்பலின் வீட்டிலும் அவர் மனைவி வைலேட் படுக்கையில் கிடந்தார். பிள்ளைகளுள் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனே மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருந்தான்.

செப்டம்பர் 18 அன்று இருவரையும் பிறர் தூக்கி வண்டியில் ஏற்றினர். சிறிது தூரம் சென்றதும் கிம்பலின் மனம் உருகியது. இந்த நிலையில் குடும்பத்தை விட்டுச் செல்வது அவரால் தாங்க முடியாததாயிற்று. வண்டியை நிறுத்தச் சொல்லி, இருவரும் தள்ளாடி எழுந்து நின்று, தொப்பியை அசைத்து உற்சாகக் குரல் எழுப்பினர். அதைக் கேட்டு இரு மனைவியரும் வாசலுக்கு வந்து புன்னகையுடன் விடைகொடுத்தனர். அந்நிகழ்ச்சியைக் கிம்பல் பின்னர் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளார்.

இதைக் கேட்பவர் பெரும்பாலும் வண்டியில் நின்றவர்களின் வீரத்தைப் போற்றுவர். ஆனால் வண்டி கண்ணிலிருந்து மறைந்தது. வாசலில் நின்ற பெண்கள் அதே வீட்டிற்குள், அதே நோய்க்கும் அதே வறுமைக்கும் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படுபவருக்குப் புதிய காட்சிகளும் புதிய மனிதர்களும் ஊக்கமளிக்கின்றனர். இருப்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. 1840 ஏப்ரலில் லிவர்பூலில் இறங்கிய அப்போஸ்தலர்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோரைச் சபையில் சேர்த்தனர். அந்த அறுவடைக்குரிய விதையை நதிக்கரையில் நின்ற இரு பெண்களும் சேர்ந்தே விதைத்தனர்.

யங் 1841 ஜூலையில் திரும்பினார். சில நாள்களில் ஜோசப் ஸ்மித் அவருக்கென ஓர் இறைவாக்கை அறிவித்தார். சபையின் மறைநூல்களுள் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்பதில் 126-ஆம் பகுதியாக அது இடம்பெற்றுள்ளது. முன்போல் குடும்பத்தை விட்டுச் செல்லுதல் இனி அவரிடம் கேட்கப்படவில்லை; அவரது காணிக்கை ஏற்கப்பட்டது; இனிக் குடும்பத்தைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்பது அதன் சாரம். மறைநூல் ஒன்று, தொலைதூரத் தொண்டு முடிந்து வந்தவரிடம் வீட்டைச் சுட்டிக்காட்டுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. வெளியே செய்த தொண்டு, வீட்டிலுள்ள கடமையை அழித்துவிடுவதில்லை. அது காத்திருக்கிறது.

திரும்பி வந்தும் திரும்பாதவர்

எல்லா வரலாறும் இவ்வாறு இனிதே முடியவில்லை. அதை மறைப்பது உண்மைக்குச் செய்யும் அநீதியாகும்.

அடிசன் பிராட் என்பவர் 1843-இல் பசிபிக் தீவுகளுக்கு ஊழியராக அனுப்பப்பட்டார். அவர் மனைவி லூயிசா பார்ன்ஸ் பிராட் நான்கு பெண்மக்களுடன் தனித்து விடப்பட்டார். அவர் திரும்புவதற்குள் மோர்மன்கள் மீண்டும் விரட்டப்பட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். லூயிசா கணவர் துணையின்றியே மாட்டுவண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெருஞ்சமவெளிகளைக் கடந்து, 1848-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். அவ்வாண்டே, ஐந்தாண்டுகளுக்குப்பின், அடிசனும் அங்கு வந்து சேர்ந்தார். இளைய மகளுக்குத் தந்தையை அடையாளம் தெரியவில்லை.

1850-இல் லூயிசா மகள்களுடன் தாமும் டுபுவாய் தீவிற்குச் சென்று கணவரின் ஊழியத்தில் பங்குகொண்டார். தீவின் பெண்களுக்கு அவர் கற்பித்தார். ஆயினும் நீண்ட பிரிவுகள் அவ்விருவரிடையே உண்டாக்கிய இடைவெளி முற்றும் மூடவில்லை. பிற்காலத்தில் அடிசன் பெரும்பாலும் கலிபோர்னியாவிலும் லூயிசா யூட்டாவிலும் தனித்தனியே வாழ்ந்தனர்.

லூயிசாவின் நாட்குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவற்றில் நம்பிக்கையும் இருக்கிறது, மனத்தாங்கலும் இருக்கிறது. இரண்டும் ஒரே உள்ளத்தில் வாழக்கூடும் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம். தியாகம் செய்தவர் வருந்தினால் அத்தியாகம் பொய்யாகிவிடாது. வருத்தத்தைச் சொல்லவும் இடமளிக்காத குடும்பத்தில்தான் தியாகம் நஞ்சாகிறது.

சென்னைக்கு வந்த ஊழியர்

இம்மரபின் ஒரு சிறு கிளை இந்தியாவையும் தொட்டது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சிறப்பு மாநாட்டில் உலகின் பல பகுதிகளுக்கும் ஊழியர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ரிச்சர்டு பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், 1849-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கென ஞாயிறு பள்ளியை முதன்முதலாகத் தொடங்கியவர். மனைவி ஹல்டாவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறி, 1853-இல் கல்கத்தா வழியாகச் சென்னை வந்து சேர்ந்தார்.

சென்னையில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு மிகக் குறைவு. அவரை அனுப்பிய அதே மாநாட்டில்தான் சபையில் நிலவிய பலதார மணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தது. அச்செய்தி ஆங்கிலேயரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது. (சபை 1890-இல் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.) பாலன்டைன் ஒரு சிறு மாத இதழையும் அச்சிட்டுப் பார்த்தார். ஓராண்டு உழைத்தும் மிகச் சிலரே அவரது போதனையை ஏற்றனர். உடல்நலம் குன்றியவராகப் புறப்பட்டு, 1855-இல் அவர் யூட்டா திரும்பினார்.

மூன்றாண்டுகள் பள்ளத்தாக்கில் தனித்துக் குடும்பத்தைத் தாங்கிய ஹல்டாவின் உழைப்பு வீணா? எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் ஆம் என்றே சொல்ல நேரிடும். ஆனால் வினையின் பயனைத் தன் கையில் பிடித்துவைக்க விரும்பாதவருக்கு அக்கேள்வி எழுவதேயில்லை. கணவரை விடுவித்தது ஹல்டா செய்த வினை. சென்னையில் என்ன நிகழ்ந்தது என்பது அவ்வினையின் தூய்மையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அனுப்ப யாருமில்லாத சிறுவன்

ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் 1844-இல் கொல்லப்பட்டார். அவர் மனைவி மேரி பீல்டிங் ஸ்மித் 1852-இல் மறைந்தார். அவர்களது மகன் ஜோசப் எப். ஸ்மித், தங்கை மார்த்தா ஆன் ஆகியோர் அநாதைகளாயினர். தங்கையை ஆசிரியர் அடிக்க முற்பட்டபோது சிறுவன் ஆவேசத்துடன் குறுக்கிட்டதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். சில மாதங்களில், 1854-இல், பதினைந்து வயதில் அவன் ஹவாய்த் தீவுகளுக்கு ஊழியனாக அனுப்பப்பட்டான். வழியனுப்பத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அண்ணனும் தங்கையும் கடிதங்களின் வழியே ஒருவருக்கொருவர் வீடாக இருந்தனர்.

ஹவாயில் அவன் கடுங்காய்ச்சலால் வீழ்ந்தபோது, அத்தீவுகளின் பெண்மணி ஒருவர் தம் மகனைப்போல் பேணிக் காத்தார். அம்மக்களின் மொழியைச் சில மாதங்களில் அவன் கற்றுக்கொண்டான். 1858-இல் யூட்டாவுக்குத் திரும்பிய அச்சிறுவன், 1901-இல் சபையின் தலைவரானான். முதிர்ந்த வயதில் அவர் மீண்டும் ஹவாய் சென்றபோது, பார்வையிழந்த மூதாட்டி ஒருவர் கூட்டத்தில் அவரது ஹவாய்ப் பெயரான 'இயோசேபா'வைச் சொல்லி அழைத்தார். அவருக்கென ஏழைக் கையுறையாகச் சில வாழைப்பழங்களையும் கொண்டுவந்திருந்தார். தம்மைக் காத்த தாயை அடையாளம் கண்டு அவர் தழுவிக்கொண்டதை உடனிருந்தவர் பதிவு செய்துள்ளார். போதிக்கச் சென்ற சிறுவன் அங்கே பெற்றது ஒரு தாயின் அன்பு. கொடுக்கச் செல்பவர் பெறவும் கற்றாலன்றித் தொண்டு முழுமையடைவதில்லை.

இந்த ஜோசப் எப். ஸ்மித் தலைவராக இருந்தபோதே, 1915-இல், குடும்ப மாலை என்னும் வழக்கம் சபையெங்கும் அறிமுகமானது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிச் சேர்ந்து பிரார்த்தித்து, படித்து, பாடி, விளையாடி மகிழ்வதே அது. இளமையில் வீடு இழந்தவரது தலைமையில் ஒவ்வொரு வீடும் பள்ளியாயிற்று.

மாறிவந்த முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் மணமானவரை அனுப்பும் வழக்கம் மெல்லக் குறைந்து, மணமாகாத இளைஞரை அனுப்பும் முறை வேரூன்றியது. 1898-இல் இனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்னும் இரு இளம்பெண்கள் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டனர். முழுநேர ஊழியராக நியமனம் பெற்ற முதல் மணமாகாத பெண்கள் இவர்களே. இம்மாற்றத்தால் மனைவியின் தோளிலிருந்த சுமை பெற்றோரின் தோளுக்கு வந்தது.

பிரிவின் கடுமையும் காலத்தோடு தளர்ந்தது. பல்லாண்டுகள் ஊழியர்கள் வாரம் ஒரு கடிதம் எழுதுவர். கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டும் தொலைபேசியில் பேசுவர். 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பெற்றோருடன் பேசவும் காணொளியில் காணவும் அனுமதி அளிக்கப்பட்டது. இதனால் துறவின் உறுதி குறையும் என அஞ்சியவர் உண்டு. வீட்டின் குரல் கேட்பதால் தளரும் உறுதி, கேட்காமலிருந்தாலும் தளரவே செய்யும் என்று எண்ணியவரும் உண்டு. 

முதியோரின் ஊழியமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் தம் செலவில் சில மாதங்கள் முதல் இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம்வரை ஊழியம் செய்கின்றனர். மருத்துவமனை, அலுவலகம், நிவாரணப் பணி, பயிற்சி எனப் பல துறைகளில் அவர்கள் உதவுகின்றனர். அப்போது வழியனுப்பும் பொறுப்பு பிள்ளைகளுடையதாகிறது. பேரக்குழந்தை பிறக்கும் வேளையில் பாட்டி அருகில் இல்லாத குறையை அவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர்.

நித்திய குடும்பமும் தற்காலிகப் பிரிவும்

இச்சபையின் கொள்கைகளுள் தலையாயது, குடும்பம் மரணத்தோடு முடிவதில்லை என்பது. ஆலயத்தில் நிகழும் சடங்கினால் கணவனும் மனைவியும் பெற்றோரும் பிள்ளைகளும் நித்தியத்திற்கும் இணைக்கப்படுகின்றனர் என்று இவர்கள் நம்புகின்றனர். குடும்பத்தை இவ்வளவு உயர்வாகப் போற்றுவோர், குடும்பத்தைப் பிரிந்து செல்வதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றனர்?

முரண்போல் தோன்றும் இதில் முரண் இல்லை. பிரிய அஞ்சும் அன்பு, உறவின் உறுதியில் ஐயம் கொண்ட அன்பு. உறவு நிலையானது என்ற உறுதி உள்ளவருக்கு இரண்டாண்டுப் பிரிவு பெரிதாகத் தோன்றுவதில்லை. மேலும், தம் வீட்டில் பெற்ற நிறைவைப் பிற வீடுகளும் பெறட்டும் என்பதே அவர்களது ஊழியத்தின் உந்துதல்.

இந்திய மரபில் பயின்றவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. உபநயனம் பெற்ற சிறுவன் வீட்டைவிட்டுக் குருகுலம் சென்று, பிரம்மச்சரிய விரதம் காத்து, பயின்று, பின்னர் வீடு திரும்பி இல்லறம் ஏற்றான். பிள்ளைகளை ஆளாக்கிய தம்பதியர் வானப்பிரஸ்தத்தில் பொறுப்புகளை விட்டு விலகினர். மோர்மன் இளைஞரின் இரண்டாண்டு முன்னதையும், முதிய தம்பதியரின் ஊழியம் பின்னதையும் நினைவூட்டுகின்றன. வேறுபாடும் உண்டு. குருகுல மாணவன் கற்கச் சென்றான். மோர்மன் இளைஞன் கற்பிக்கச் செல்கிறான். வானப்பிரஸ்தர் வனத்தின் தனிமையை நாடினர். இவர்களோ மக்களிடையே செல்கின்றனர். ஆயினும் வாழ்வின் ஒரு பகுதியை முழுதும் இறைவனுக்கென ஒதுக்குவது இல்லறத்தைச் செம்மைப்படுத்தும் என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொது.

பெருமை என்னும் பேரிடர்

எங்கே தியாகம் போற்றப்படுகிறதோ அங்கே பெருமையும் பின்தொடர்கிறது. பாட்டன் ஊழியம் செய்தார், தந்தை செய்தார், அண்ணன் செய்தான் என்னும்போது அடுத்த மகனின் விருப்பம் கேட்கப்படாமலேயே முடிவாகிவிடக்கூடும். அவன் செல்வது இறைவனின் அழைப்பாலா, அண்டை வீட்டார் கேட்கும் கேள்விக்கு அஞ்சியா என்பது அவனுக்கே தெரியாமல் போகலாம்.

இந்த ஆபத்து வெளிப்படும் இடம் ஒன்றுண்டு. உடல்நலக் குறைவாலோ மனச்சோர்வாலோ வேறு காரணத்தாலோ சில இளைஞர்கள் காலம் முடியுமுன்னரே திரும்பிவிடுகின்றனர். இரண்டாண்டுகளை நிறைவு செய்து வருபவரை விமான நிலையத்தில் பதாகைகளும் வண்ண பலூன்களும் வரவேற்கின்றன. முன்கூட்டியே வருபவருக்குப் பல நேரங்களில் கிடைப்பது மௌனம். தாம் தோற்றுவிட்டோம், குடும்பத்திற்குத் தலைகுனிவு தேடித்தந்துவிட்டோம் என்னும் எண்ணம் அவர்களைப் பல்லாண்டுகள் வாட்டுவது உண்டு. சிலர் சபையைவிட்டே விலகிவிடுகின்றனர்.

சபைத் தலைவர்களும் இதை உணர்ந்து, அத்தகையோரைக் குற்றம் காணாது அன்புடன் ஏற்குமாறு அறிவுறுத்தி வந்துள்ளனர். உடல்நிலையோ மனநிலையோ இடம்தராதவர்கள் வீட்டில் தங்கியபடியே மருத்துவமனை, உணவு வழங்கும் நிலையம் போன்ற இடங்களில் தொண்டு செய்யும் சேவை ஊழியமும் வகுக்கப்பட்டுள்ளது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே சமயத்தில் தாயகம் திரும்ப நேர்ந்தது. காலம் முடியுமுன் திரும்புவது யாருடைய குற்றமும் ஆகாமலும் நிகழலாம் என்பதை அது பல இல்லங்களுக்கு உணர்த்தியது.

இல்லத்தின் தியாகம் சோதிக்கப்படுவது இங்கேதான். பிள்ளை புறப்படும் நாளில் கண்ணீரை அடக்குவது எளிது. சுற்றிலும் பாராட்டு இருக்கிறது. நான்கு மாதங்களில் தலைகுனிந்து திரும்பி வரும் பிள்ளைக்கு அதே கதவை, அதே முகமலர்ச்சியுடன் திறப்பது கடினம். அதைச் செய்யும் தாய்தான் தன் பிள்ளையை உண்மையில் இறைவனிடம் ஒப்படைத்தவள். மற்றவள் பிள்ளையைத் தன் நற்பெயரிடம் ஒப்படைத்திருந்தாள்.

எது காணிக்கை?

ஒருவர் தமக்கு உரியதை மட்டுமே காணிக்கையாக்க முடியும். பிறர் தோட்டத்து மலரைப் பறித்து அர்ச்சிப்பது பூஜையாகாது. இல்லத்தாருக்கு உரியவை சில உண்டு: தம் வசதி, தம் பொருள், பிள்ளை அருகில் இருக்க வேண்டும் என்னும் ஆசை, அவனைப் பற்றிக் கட்டிய கனவுகள். இவற்றை அவர்கள் தாராளமாக அளிக்கலாம். மேரி ஆனும் வைலேட்டும் ஹல்டாவும் அளித்தவை இவையே. பிள்ளையின் சம்மதமோ அவர்களுடையதன்று, அது அவனுடையது. அதை அவனுக்காக அவர்கள் அளிக்க முற்படும்போது தியாகம் வற்புறுத்தலாக மாறுகிறது.

இந்த எல்லையை அறிந்த இல்லம் பிள்ளையைத் தடுப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. அவன் செல்ல விரும்பினால் பாதையைச் செப்பனிடுகிறது. தயங்கினால் காத்திருக்கிறது. திரும்பினால், எந்த நிலையில் திரும்பினாலும், இலை போட்டு உணவு பரிமாறுகிறது. தொண்டர் தொலைவில் ஒரு வீட்டின் கதவைத் தட்டும் நேரத்தில், இங்கே இன்னொரு வீட்டின் கதவு தாழிடப்படாமல் இருக்கிறது. இவ்விரு கதவுகளுக்கும் இடையேதான் தொண்டு வாழ்கிறது.

சிந்தனைக்கு:

1. வெளியே செய்யும் தொண்டின் சுமையை வீட்டில் யார் தாங்குகிறார்? அவருக்கு நன்றி கூறப்பட்டதா?

2. பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுவதற்கும் அவர்களது முடிவைத் தாமே எடுத்துவிடுவதற்கும் இடையே உள்ள எல்லை எது?

3. லூயிசாவின் வாழ்வில் நம்பிக்கையும் மனத்தாங்கலும் சேர்ந்திருந்தன. தியாகம் செய்தவரின் வருத்தத்தைக் குடும்பம் எவ்வாறு செவிமடுக்க வேண்டும்?

4. தொடங்கிய நற்பணியை முடிக்க இயலாது திரும்பியவரை இல்லமும் சங்கமும் எவ்வாறு வரவேற்கின்றன?